முந்தானை அட்டை

முந்தானை அட்டையைக் காணோம்.

தறிக்கு அடியில் பார்த்தாயிற்று. பரண்மேல் பார்த்தாயிற்று. அரிசி மூட்டைக்குப் பின்னால்கூடப் பார்த்தாயிற்று. நானூறு அட்டைகளை நூலில் கோத்த அந்தக் கட்டு வைத்த இடத்தில் இல்லை.

இளவரசிக்குச் சட்டென்று அந்தச் சாக்கு நினைவுக்கு வந்தது. நேற்று சாயங்காலம் உலர்ந்த குப்பையைப் பிரித்து, காகிதம் அட்டையெல்லாம் ஒரே சாக்கில் திணித்துக் கட்டியவள் அவள்தான். காலையில் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி வந்ததும் அந்தச் சாக்கைப் பெருமையாகத் தூக்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

“ஏங்க, நான்தான் குப்பையில போட்டுத் தொலைச்சிட்டேன் போலக்குது.”

அவள் புருஷன் சம்பந்தம் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட் சாவியை எடுத்தார். உப்புக் குறைந்தாலே வீட்டை இரண்டாக்குகிற மனுஷன் அவர். இன்றைக்கு வாயே திறக்காதது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பார்ப்பவர்களுக்கு அது வெறும் ஓட்டை விழுந்த அட்டை. எந்த இழை மேலே எழும்ப வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த ஓட்டைகள்தான். முகூர்த்தப் புடவையின் உடல் முடிந்து, இன்றைக்கு முந்தானையைத் தொடங்க வேண்டும். எட்டாம் நாள் பெண்வீட்டார் வந்து நிற்பார்கள். புதிதாக அட்டை அடித்துக் கோக்கவே பத்து நாள் ஆகும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, செவிலிமேட்டுப் பக்கம் இருக்கும் கிடங்கில் சேர்ந்த அட்டையை எல்லாம் மெஷினில் போட்டு நசுக்கி, காகித ஆலைக்கு லாரி ஏற்றிவிடுவார்கள். இளவரசிக்கு இதெல்லாம் மனப்பாடம். தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவளாயிற்றே!

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மணி பத்தரை.

மொபெட் பறந்தது.

“மன்னிச்சிக்குங்க” என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். முதுகு இன்னும் கொஞ்சம் குனிந்தது.

இரண்டு வருஷமாகக் குப்பையைப் பிரிக்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள். தெருக்கோடிக் காலி மனையில் குப்பையைக் கொளுத்துவது நின்றது அதனால்தான். முன்பெல்லாம் கரி பறந்து வந்து பட்டில் ஒட்டுமென்று, வேகிற வெயிலிலும் சன்னலைச் சாத்திக்கொண்டுதான் தெருவே நெய்யும். இப்போது ஒருவரும் சாத்துவதில்லை.

இந்தக் கட்டு மட்டும் மெஷினுக்குள் போய்விட்டால் அவ்வளவுதான். “பிரிச்சுப் பிரிச்சுக் கடைசியில தறியையே குப்பைல போட்டா பாரு” என்று ஊரே சிரிக்கும். நாளைக்கே எல்லாக் குப்பையும் ஒரே பையில் பழைய மனைக்குப் போய்ச் சேரும்.

சம்பந்தத்தைக் கேட்கவே வேண்டாம். அவள் பால் கவரைக் கழுவிக் காயப்போடும்போதெல்லாம், பவுடர் போட்டுப் பொட்டு வைத்து அனுப்பச் சொல்லிக் கிண்டலடிக்கிறவர்.

காமாட்சியம்மன் கோயில் பக்கம் திரும்பினால், டூரிஸ்ட் பஸ் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஆட்டோவுக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவே இருந்த ஒரு முழச் சந்தில் சம்பந்தம் மொபெட்டை நுழைத்தார். இளநீர்க்காரர் திட்டியது அடுத்த திருப்பம் வரைக்கும் கேட்டது.

‘தாயே, இந்த ஒரு தடவை!’ என்று கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்படியே புருஷனிடமும் ஆறாவது தடவையாக மன்னிப்புக் கேட்டாள்.

கிடங்கு வாசலிலேயே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

மொபெட் நிற்கும் முன்னே இளவரசி குதித்தாள். ஒரு செருப்பு அங்கேயே கழன்று விழுந்தது. “நிறுத்து! அங்கம்மா, நிறுத்து!”

அங்கம்மாள் பொத்தானை அழுத்தினாள். முன்பு குப்பைமேட்டில் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தவள். இப்போது காலையில் பேட்டரி வண்டியோடு தெருவுக்கு வருகிறவளும் அவள்தான், பிறகு இங்கே கையுறை போட்டு மெஷினைப் பார்த்துக்கொள்கிறவளும் அவள்தான். கழுத்தில் அடையாள அட்டை, மாசம் பிறந்தால் சம்பளம்.

பெட்டிக்குள் பாதி இறங்கிய இரும்புத் தட்டு அப்படியே நின்றது.

மூன்று பேரும் பெட்டிக்குள் கைவிட்டார்கள். பிஸ்கட் டப்பா வந்தது, செருப்புப் பெட்டி வந்தது, மிக்ஸி வந்த பெட்டி வந்தது. அதற்கும் அடியில் ஒரு வெள்ளை நூல் நுனி! இளவரசி பிடித்து இழுத்தாள். ரயில் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. ஓர் அட்டைக்கு மட்டும் மூலை மடங்கியிருந்தது.

“கிடைச்சிடுச்சு!” என்று கத்தினாள். அங்கம்மாளைக் கட்டிப்பிடித்தாள். அழுக்கு, பிசுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

“தப்பு என் பேர்லதான் அங்கம்மா. பாக்காமச் சாக்குல போட்டுட்டேன்.”

“உன் சாக்குல ஏதும்மா இது? உன் சாக்கு இன்னும் அவுக்கவே இல்ல, அதோ கீது பாரு. இது அண்ணன், உன் வூட்டுக்காரரு குடுத்தது. ‘பழைய டிசைன் அட்டை, இனிமே வேணாம்’னு தெருமுனையில வந்து குடுத்தாரு. மூணு மாசமா தறிக் குப்பையெல்லாம் அவரேதான் பிரிச்சுக் குடுத்துக்கினு இருக்காரு. ‘வூட்டுல மட்டும் சொல்லிடாத, மானம் பூடும்’னாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் அங்கம்மாளுக்கு உறைத்தது. கையுறையோடே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சம்பந்தம் விறுவிறுவென்று வெளியே போய், குனிந்து மொபெட்டின் டயரைப் பார்த்தார். டயருக்கு ஒன்றுமில்லை.

இளவரசிக்கு வர வேண்டிய கோபம் வரவில்லை. சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. கழன்ற செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கட்டை மடியில் வைத்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

கிடங்குக்கு வரும் வழியில் ஒன்பது தடவை மன்னிப்புக் கேட்டிருந்தாள். வீடு போய்ச் சேர்வதற்குள் ஒன்பதையும் வட்டியோடு திருப்பி வாங்கிவிட்டாள்.