அச்சில் வந்த ஆதாரம்

பளை நூலகத்தின் யன்னல் வெயில், விக்கிப்பீடியாவில் எழுதும் கிருசாந்தியின் மடிக்கணினியில் விழுகிறது. திரையில் ஒரு ராக் இசைக்குழுவின் விக்கிப்பீடியாக் கட்டுரை. டிரம்ஸ் அடிக்கும் நிஷாந்தன் போன மாதம் விபத்தில் இறந்துவிட்டதாக யாரோ அதில் எழுதிவிட்டார்கள். காலையிலிருந்து அவன் அம்மாவிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். அவனோ காலில் வயற்சேறு காயாமல் பக்கத்துக் கதிரையில் இருக்கிறான். "நானே சொல்லுறன், அழியுங்கோவன்." "நீங்கள் சொன்னாக் காணாது. கனடாவில இருந்து இந்தக் கட்டுரையைத் திருத்துற திலீபன் அண்ணா அச்சில வந்த ஆதாரம் கேக்கிறார்." கிருசாந்தி நூலகத்தின் பேப்பர்க் கட்டைப் புரட்டுகிறாள். நேற்றைய பேப்பரில், விதைநெல் வாங்கும் கமக்காரர்களின் படத்தில், நிஷாந்தன் பெயரோடு நிற்கிறான். அவள் திகதியையும் பக்கத்தையும் அனுப்புகிறாள். சற்று நேரத்தில் திலீபனின் பதில் வருகிறது: "சரி, நீக்கியாச்சு." நிஷாந்தனின் விரல்கள் மேசையில் தாளம் போடுகின்றன. அதட்ட நிமிர்ந்த நூலகர் மறுபடி தன் ஏட்டில் குனிந்துகொள்கிறார். அம்மாவின் அழைப்பு வருகிறது. "ஓமம்மா," என்கிறான், "நான் சாகேல்லையாம்."