ஆயிரம் டாலர் போதும்

“இதுவும் வேண்டாமா? ஏம்மா, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையா பாத்துட்டிருக்கோம்? ஸ்காலர்ஷிப்தானே!”

மிஸ் ஓல்வேரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அமெரிக்காவின் லரேடோ நகரத்து உயர்நிலைப் பள்ளியில் கடைசி வருஷப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பி வைப்பதுதான் அவர் வேலை. நன்றாகப் படிக்கும் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் வம்சத்துப் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் உதவித்தொகைகளைத் தேடித் தேடி, தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு சேர்த்திருந்தார். பதினோரு வருஷத்தில் அந்தக் கோப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய முதல் ஆள் சித்லாலிதான். அதுவும் நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முதலாவதாக நிற்கிற பெண்!

“அந்தக் காலேஜ் இருக்கற ஊர்ல பனி பெய்யும் மிஸ். எனக்குக் குளிர் ஆகாது” என்றாள் சித்லாலி.

“பெய்யட்டுமே!” பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் அப்பா நிகானோர் துள்ளினார். டயர் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் கறுப்பு. “கம்பளிக் கோட்டு வாங்கித் தரேன். ஒண்ணு இல்ல, மூணு! நாலு வருஷப் படிப்பு, சாப்பாடு, தங்கற இடம், புஸ்தகம் எல்லாம் அவங்க செலவு. பனிக்குப் பயந்து யாராவது இதை விடுவாங்களா?”

“அப்பா, நீ கொஞ்சம் சும்மா இரு.”

“பதினேழு வருஷமா சும்மாதானே இருக்கேன்!”

மிஸ் ஓல்வேரா அடுத்த தாளை உருவினார். “சரி, இது ஹியூஸ்டன். வெயில் மண்டையைப் பிளக்கும். இதுவும் முழுச் செலவு.”

“அஞ்சு பக்கம் கட்டுரை எழுதச் சொல்றாங்க மிஸ்.”

“ஐயோ பாவம்!” நிகானோர் நெஞ்சில் கைவைத்தார். “பஞ்சர் ஒட்டறதைப் பத்தி ஏழு பக்கம் எழுதினவ யாரு? படிச்சுக் காட்டுன்னு நான்தான் கேட்டேன் மிஸ். மூணாவது பக்கத்துலயே தூங்கிட்டேன்.”

சித்லாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

“அப்போ சான் அந்தோனியோ” என்றார் மிஸ் ஓல்வேரா விடாமல். “ரெண்டரை மணி நேரம்தான். ஞாயித்துக்கிழமை வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துடலாம்.”

“நேர்ல கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்களாம். எனக்குக் கூச்சம்.”

“கூச்சமா? உனக்கா?” நிகானோர் எழுந்தே விட்டார். “போலீஸ்காரர் என் வண்டிக்கு எழுதின அபராதத்தை, அவர்கிட்டயே வாதாடி ரத்து பண்ண வச்சவ இவ!”

சித்லாலி கோப்பை இழுத்து, கடைசியில் இருந்த ஒற்றைத் தாளை எடுத்தாள். உள்ளூர் வணிகர் சங்கம் கொடுப்பது. ஒரே ஒரு தடவை, ஆயிரம் டாலர்.

“இது போதும் மிஸ். மார்க் பட்டியல் மட்டும்தான் கேக்கறாங்க. மிச்சத்துக்கு வேலைக்குப் போவேன், கடன் வாங்கிப்பேன்.”

“ஆயிரம் டாலர்ல லாரிக்கு நாலு டயர்கூட வராது கண்ணு” என்றார் நிகானோர். இந்தத் தடவை குரலில் சிரிப்பு இல்லை.

“பெரிய மூணுக்கும் வெள்ளிக்கிழமை கடைசி நாள்” என்றார் மிஸ் ஓல்வேரா. “அதுக்கப்புறம் நீ அழுதாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

நிகானோர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். “நீங்களே எடுத்துச் சொல்லுங்க மிஸ். நான் போய் எல்லாருக்கும் காப்பி வாங்கிட்டு வரேன்.” மகளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

கதவு சாத்தியதும் மிஸ் ஓல்வேரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பனி, கட்டுரை, கூச்சம். இந்தக் கதையெல்லாம் உங்க அப்பாவுக்கு. எனக்கு நிஜத்தைச் சொல்லு.”

சித்லாலி கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அந்த மூணுக்கும் பிறப்புச் சான்றிதழ் வேணும் மிஸ். நம்ம வம்சம்தானான்னு பாக்கணுமாம். வீட்ல அம்மாவும் அப்பாவும் அதை என் கண்ணுல படாம வச்சிருக்காங்க. போன வருஷம் வேற எதையோ தேடும்போது பாத்துட்டேன். அப்பா பேர் போடற இடத்துல நிகானோர்னு இல்ல. வேற யாரோ. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே விட்டுட்டுப் போன ஆள் போலிருக்கு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவார். நான் படிக்கறதுக்காக, அந்தக் காகிதத்தை அவர் கையாலயே எடுத்துக் குடுக்க வைக்கணுமா? வேண்டாம் மிஸ். ஆயிரம் டாலர் போதும்.”

மிஸ் ஓல்வேரா இழுப்பறையைத் திறந்து, விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பாக இருந்த ஒரு பழுப்பு உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“நேத்து சாயங்காலம் உங்க அப்பா கொண்டுவந்து குடுத்தார்மா. ‘நாளைக்கு நான் வெளிய போனதும் அவகிட்ட குடுங்க மிஸ். அவ என்னை அப்பான்னு கூப்பிடறது நின்னாலும் பரவாயில்ல, படிப்பு நிக்கக் கூடாது’ன்னு சொன்னார்.”