உடையார்பாளையம் தாலுகாவில் ஒரு டாங்கி

"டாங்கிய எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

டி.எஸ்.பி. கேட்ட வேகத்தில், பஞ்சாயத்துத் தலைவர் அய்யாக்கண்ணுவின் தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நான்கு ஜீப்புகள் நின்றன. உடையார்பாளையத்திலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ஊருக்கு அதுவரை வந்த பெரிய அதிகாரி, அம்மை குத்த வந்தவர்தான். இன்றைக்குத் திருச்சியிலிருந்து கலெக்டரே வந்திருந்தார்.

"என்ன டாங்கிங்க?"

"பீரங்கி வச்ச மிலிட்டரி டாங்கி. ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்காத."

கலெக்டர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். டென்மார்க்கில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு, அவர்கள் பாஷையான டேனிஷிலேயே இந்த ஊரிலிருந்து போன கடிதம். அவர்கள் பதறிப்போய்த் தூதரகத்துக்கு எழுத, தூதரகம் டெல்லியைக் கேட்க, டெல்லி சென்னையை உலுக்க, சென்னை இவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டது. கடிதத்தின் தமிழாக்கத்தை வாசித்தார்.

"'எங்கள் டாங்கி உடைந்து மூன்று வருடமாகிறது. இருநூறு குடும்பங்கள் அதை நம்பியே இருக்கின்றன. ஐப்பசிக்குள் பழுது பார்த்துக் கொடுத்தால், நானூறு ஏக்கரும் எங்கள் கைக்கு வந்துவிடும்.' யாரோட நானூறு ஏக்கர்? யார்மேல படையெடுக்கப் போறீங்க?"

அய்யாக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார், அது எங்க ஏரிங்க!"

"ஏரியா?"

"ஆமாங்க. பெருவெள்ளத்துல கரை ஒடஞ்சு போச்சு. வாத்தியார் இராமலிங்கம்தான் இங்கிலீஷ்ல மனு எழுதிக் குடுத்தாரு. இங்கிலீஷ்ல ஏரிய டேங்க்குன்னுதானே சொல்றாங்க? கவர்மெண்டுக்குப் பதினோரு மனு போட்டோம், ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல. சரி, வெளிநாட்டுக்காரங்களையாவது கேப்போம்னு நர்ஸம்மாகிட்ட குடுத்து அவங்க பாஷையில மாத்தி அனுப்புனோம்."

நர்ஸம்மா என்று ஊரார் கூப்பிடும் உண்ணாமலைக்கு ஆள் போனது. ஒன்பது வருடம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டரம்மாவிடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளைப் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து நின்றார்.

"டிக்ஷ்னரியில டேங்க்குக்கு மூணு அர்த்தம் போட்டிருந்துச்சுங்க" என்றார் உண்ணாமலை தரையைப் பார்த்தபடி. "தண்ணித் தொட்டி ஒண்ணு, ஏரி ஒண்ணு, கம்ப்வோன்னு அவங்க பாஷை வார்த்தை ஒண்ணு. கம்ப்வோன்னு எழுதிட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்லைங்க."

"கம்ப்வோன்னா பீரங்கி வண்டிம்மா!" டி.எஸ்.பி. அடித் தொண்டையில் சிரித்தார். "பொம்பளைங்க கையில டிக்ஷ்னரிய குடுத்தா இப்படித்தான்."

கலெக்டர் சிரிக்கவில்லை. "மத்தபடி கடுதாசியில ஒரு எழுத்துப் பிழைகூட இல்லைன்னு தூதரகத்துலேயே எழுதியிருக்காங்க. இந்த ஒரு வார்த்தையில போய்க் கோட்டை விட்டுட்டீங்களேம்மா."

உண்ணாமலை புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோருமாக ஏரியைப் பார்க்கப் போனார்கள். முப்பது அடி அகலத்துக்குக் கரை வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே வேலிக்காத்தான் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கலெக்டர் உடைப்பின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தார்.

"டாங்கி இல்ல, ஏரிதான்னு டெல்லிக்கு எழுதணும்" என்றார் கூட வந்திருந்த ஆர்.டி.ஓ.விடம். "எழுதுனா, மூணு வருஷமா ஏரி ஏன் ஒடஞ்சு கெடக்குன்னு திருப்பிக் கேப்பாங்க. அதுவும் வெளிநாட்டுக்காரன் காதுக்குப் போன விஷயம்."

"என்ன பண்ணலாம் சார்?"

"நான் பதில் எழுதறப்ப ஏரி ஒடஞ்சிருக்கக் கூடாது."

திங்கட்கிழமை என்ஜினீயர் வந்தார். புதன்கிழமை மண் லாரிகள் வந்தன. இருபத்திரண்டு நாளில் கரை எழும்பி, ஐப்பசி மழைக்கு ஏரி தளும்பி நின்றது. மூன்று வருடம் திருப்பூர்ப் பக்கம் கூலிக்குப் போயிருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து நாற்றுவிட்டன.

ஆனாலும் அய்யாக்கண்ணுவுக்கு அந்த நான்கு ஜீப்புகளும் கனவில் வந்துகொண்டிருந்தன. கார்த்திகை மாதம் ஒரு காலையில், இன்னொரு இங்கிலீஷ் மனுவோடு உண்ணாமலை வீட்டுக்குப் போனார்.

"படிப்பகத்துக்கு ரூம்பு கட்டி வச்சிட்டோம் நர்ஸம்மா, படிக்கத்தான் ஒண்ணுமில்ல. மேகசின் வேணும்னு ரெண்டு வருஷமா எழுதுறோம், பதிலே இல்ல. அந்த டென்மார்க்குக்கே ஒரு கடுதாசி போடுங்க. ஆனா உங்களுக்குப் புண்ணியமா போகும், இந்தத் தடவையாவது அர்த்தத்தப் பாத்து எழுதுங்க."

உண்ணாமலை மனுவை நிதானமாகப் படித்தார். பிறகு டிக்ஷ்னரியைத் திறக்காமலே சொன்னார்.

"மேகசினுக்கும் ரெண்டு அர்த்தம் இருக்குங்க தலைவரே. வாரப் பத்திரிகை ஒண்ணு, வெடிமருந்துக் கிடங்கு ஒண்ணு."

உண்ணாமலை பேனாவைத் திறந்தார்.

"கலெக்டர் என்னைக்கு வந்தா உங்களுக்குத் தோதுப்படும்?"