சைக்கிள் சீட்டில் வைத்த காது

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை; என் இரண்டு கண்களின் மேல் ஆணை, புரை நீக்கிய வலது கண்ணின் மேல் கூடுதலாக ஓர் ஆணை.

காலை பத்து மணிக்குப் பல்லக்கா தம்பியின் கண்காட்சிக்கு வந்தபோது, வாசலில் பதினைந்து பேர் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்கள். உள்ளே ஒருவர்கூட இல்லை.

கலை பார்க்க வருகிறவர்களுக்கு அதைப் பார்க்கிற அவசரம் மட்டும் இருக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இருந்தது. பொய்ப்பல் செட் செய்கிறவள்; பல்லக்கா என்ற பெயரே அதனால் வந்ததுதான். மூன்று பேருடைய சிரிப்பை மேஜையில் காயப்போட்டுவிட்டு அரை நாள் லீவில் வந்திருந்தாள்.

தம்பி ஓரமாக நின்று போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் போனைக் கையால் பொத்தினான்.

"அக்கா, கொஞ்சம் பொறு. இன்னும் தயாராகல."

"உன்னைப் பொறுத்துப் பொறுத்தே நாப்பது வருஷம் ஆச்சு. தள்ளுடா."

உள்ளே பெரிய ஜன்னல்கள், நல்ல வெயில், தரையெல்லாம் வயர். சின்ன வயதில் அவன் புழங்கிய சாமான்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு குட்டி ஸ்பீக்கர். சுவரில் கொட்டை எழுத்தில்: 'தன்னந்தனி நான். காதை அருகில் கொண்டுவாருங்கள். பொருட்கள் என் கதையைச் சொல்லும்.'

தன்னந்தனியாம். பல்லக்காவுக்கு அங்கேயே சுர்ரென்று ஏறியது.

அம்மா வேலைக்குப் போன வீட்டில் அவனை வளர்த்தது அவள். அவனைவிட ஏழே வயது மூத்தவள். அவன் கதையில் தனக்கு ஒரு மூலையாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தாள். கேட்டால் சும்மா வந்தேன் என்பாள்.

முதலில் பிளாஸ்டிக் கக்கூஸ் சட்டி. குனிந்து காது கொடுத்தாள். கலைஞனின் கனத்த குரல்: 'எல்லாவற்றையும் நானே கற்றுக்கொண்டேன்.'

கழுவிவிட்டது யாராம் என்று சட்டியிடம் கேட்டாள். சட்டி ஒருமுறை கனைத்துவிட்டுப் பேச்சை மாற்றியது.

குடைக்குள் மழை கொட்டியது. 'ஒரு சொட்டு நனையாமல் பள்ளிக்கூடம் போனேன்.' நனையவில்லைதான். மூன்று வருஷம் குடைக்கு வெளியே நடந்து தும்மியது இவள்.

ஒன்று விடாமல் கேட்டாள். பதினொரு பொருள். பதினொன்றும் நான், நான், நான் என்றன, இஸ்திரிப்பெட்டிகூட.

மிச்சம் சைக்கிள்.

அதன் சீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். அப்போது பெயர்ந்துபோன கால் கட்டைவிரல் நகம் இன்றுவரை கோணல்தான். இதிலும் தான் இல்லையென்றால் இனி தம்பி என்று ஒருவன் கிடையாது. முடிவு செய்துவிட்டாள்.

முடிவு செய்த பிறகு குனிய வரவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து மூடினாள். கடைசியில் முட்டி போட்டு, சீட்டில் காதை வைத்தாள்.

எண்ணெய் காணாத செயின் கடகடத்தது. பிறகு ஒரு பொடியன் குரல்.

'அக்கா விட்டுடாத... விட்டுடாத...'

அதற்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்க ஓடிவந்தார்கள்.

'விடலடா. முன்னாடி பாரு, கழுதை.'

பல்லக்கா வெகுநேரம் காதை எடுக்கவில்லை. எடுத்தபோது சீட் ஈரமாக இருந்தது. கைக்குட்டையால் அதைத் துடைத்து, அதே கைக்குட்டையில் மூக்கையும் சிந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

போனும் கையுமாக நின்ற தம்பியின் பின்மண்டையில் ஒன்று வைத்தாள்.

"எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கியேடா, நாயே."

தம்பி வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"ஆமாக்கா," என்றான்.

விடியற்காலையில் போன மின்சாரம் அந்தத் தெருவுக்கு மாலை ஐந்தரை மணிக்குத்தான் திரும்பி வந்தது.