கண்ணாடி உடைக்கிறவள்

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும். ஒண்ணு அந்தப் பாட்டுப் பெட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

பழைய மிஷின் வியாபாரி போட்ட சத்தத்தில், குடியிருப்புச் சங்கச் செயலாளர் கையிலிருந்த டீயை மேஜையில் வைத்துவிட்டார்.

"என்னண்ணே, மறுபடியும் மேல்வீட்டு டீச்சரா?"

"வேற யாரு? கடையைச் சாத்திட்டு வந்து வீட்டுப் பூட்டுல சாவியை வைக்கிறேன், டாண்ணு ஆரம்பிக்குது. நமக்குப் புரியற பாஷையில ஒரு பாட்டு உண்டா? உலகத்துல எவனெவனுக்கு வயித்துவலியோ, அத்தனை பேரும் என் தலைக்கு மேலதான் கத்தறான்! என் சம்சாரம் இருந்தவரைக்கும் இந்தச் சத்தம் உண்டா? ஆள் போனதும் இளக்காரம்!"

டீச்சரின் கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி, அந்தந்த நாட்டின் பெரிய பாடகர்களின் இசைத்தட்டுகளை வாங்கி வந்து அலமாரி முழுக்க அடுக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்.

அந்தக் குரல்களுக்கெல்லாம் வியாபாரி பட்டப்பெயர் வைத்திருந்தார். உச்சத்துக்கு ஏறிவிட்டு இறங்கவே மறுக்கும் ஓபராக்காரி, 'கண்ணாடி உடைக்கிறவ'. கிடாரை மடியில் போட்டுக்கொண்டு கரகரவென்று புலம்புகிறவன், 'தொண்டைகட்டி'. பாலைவனத்துக்காரன் ஒருத்தன் ஒரே மூச்சில் மைல்கணக்கில் போவான், அவன் 'ஒட்டகம்'. யாரையோ கப்பலேற்றிவிட்டுக் கரையில் நிற்பதுபோல் பாடுகிறவள், 'அழுமூஞ்சி'.

தினமும் மாடியேறிப் போய்ச் சண்டை போடுவார். டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை.

"யாரும்மா செத்தாங்க உங்க வீட்ல?"

"எங்க வீட்ல இன்னைக்கு யாரும் சாகலை. கீழ்வீட்லதான் ரசனை செத்துப்போச்சு."

மூச்சு வாங்கச் சண்டை போட்டுவிட்டுக் கீழே வந்து, ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்து நின்றுகொண்டே சாப்பிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசும். பகலெல்லாம் கடையில் தொண்டை வற்றப் பேரம் பேசுகிற மனிதருக்கு, வீட்டுக்குள் 'வந்துட்டீங்களா?' என்று கேட்க ஒரு நாதியில்லை.

"சரி, வாங்க. சங்கத்துல பேசியாச்சு" என்று செயலாளர் எழுந்தார். "டீச்சர் முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். இன்னையோட அந்தப் பெட்டிக்கு மூடுவிழா."

பாதி மாடியில் வியாபாரி நின்றுவிட்டார். மேலேயிருந்து தடித்த ஆண்குரல் ஒன்று, பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது.

"யாரு இது?"

"யாரா இருந்தா என்னண்ணே? நிறுத்தத்தானே போறோம்."

"இருய்யா... இந்த மெட்டு நம்ம கண்ணாடி உடைக்கிறவளோடது ஆச்சே! அவளுக்கு என்னய்யா ஆச்சு?"

இரண்டு இரண்டு படியாகத் தாவினார். 'நம்ம'வா என்று வாய் பிளந்த செயலாளர் பின்னாலேயே ஓடினார்.

கதவு திறந்துதான் இருந்தது. டீச்சர் சண்டைக்குத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, இன்னைக்கு என்ன குறை?"

"அந்தம்மா குரல் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"எப்படி ஆச்சு? என்னிக்கும்போல அற்புதமாத்தானே பாடறாங்க?"

"அற்புதமா? எருமை ஏப்பம் விடற மாதிரி இருக்கு!"

"உங்களுக்கு எதையாவது குறை சொல்லணும்."

வியாபாரி நேராகப் போய்ப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். வேகம் மாற்றும் குமிழ் இடம் மாறியிருந்தது. தட்டு சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குமிழைத் தள்ளினார். குரல் விருட்டென்று எழும்பி, அவருக்குத் தெரிந்த அந்தப் பெண்ணாகி உச்சத்துக்குப் பறந்தது.

செயலாளரே ஒரு கணம் சிலிர்த்துப்போனார். டீச்சர் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

வியாபாரிக்கு எங்கோ இடித்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கேட்டார்.

"டீச்சர், பாட்டை நிறுத்திடவா?"

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டார். அப்போதும் இல்லை. மெல்லத் திரும்பினார்.

"டீச்சர்... உங்களுக்குக் காது..."

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், மாட்டிக்கொண்ட குழந்தைபோல் சிரித்தார்.

"தூசி துடைக்கிறப்போ குமிழ் நகர்ந்துடுச்சோ? காது கொஞ்சம் கொஞ்சமா மந்தமாகி, இப்ப சுத்தமா இல்லை. நீங்க வாயை அகலமாத் திறந்து கத்தறீங்களா, எனக்கு வசதியாப் போச்சு."

"அப்ப இந்தப் பாட்டெல்லாம் யாருக்கு?"

"உங்க ஸ்கூட்டர் கேட்டுக்குள்ள வர்றதை பால்கனியிலேர்ந்து பார்த்துட்டுதான் போடுவேன். தரை என் கால்ல அதிர்ற வரைக்கும் சத்தத்தைக் கூட்டுவேன்."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்! என்மேல உங்களுக்கு அப்படி என்ன பகை?"

செயலாளர் அவர் தோளைத் தொட்டார். "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க. நிறுத்திடலாம்."

டீச்சர் சொன்னார்:

"கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்போ உங்க சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. 'ஆறுதல் சொல்லப் போனா அவர் கதவையே திறக்க மாட்டார், டீச்சர். சண்டைன்னா தானா மாடியேறி வருவார். அவரைத் தனியா விட்டுடாம, தினம் ஒரு சண்டை மட்டும் போட்டுடுங்க.'"