விளம்பரத்துக்கு ஒரு படம்

மூடுபனிக்குள்ளிருந்து நான்கு ஆண்கள் இறங்கி வந்தார்கள். தோளில் மூங்கில். மூங்கிலில் தூளிபோலக் கட்டிய கம்பளி.

அவள் கேமராவைத் தூக்கினாள்.

மூன்று நாளாக இப்படியொரு காட்சிக்காகத்தான் அந்த மலையில் தங்கியிருந்தாள். 'அவசரமில்லாத பயணம்' என்று அவளைப் படமெடுக்க அனுப்பிய சுற்றுலா நிறுவனம் பெயர் வைத்திருந்தது. பேருந்து வராத ஊர், நடந்தே போய்ச் சேர வேண்டிய ஊர். அதுதான் விளம்பரமே.

பதினோரு முறை அழுத்தினாள்.

கம்பளி அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து மூங்கிலைப் பற்றிக்கொண்டது.

பச்சை வளையல்கள். நேற்று அவளுக்குச் சாமைச் சோறு போட்ட கை. பொன்னுருவி. எட்டாம் மாதம் என்று சொல்லிச் சிரித்தவள்.

அவள் சட்டென்று கேமராவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

முன்னால் சுமந்து வந்தவன் பொன்னுருவியின் கணவன் சடையன். நிற்காமலே சொன்னான்.

"மறைக்காதீங்கம்மா. எடுங்க. ரோடு கேட்டு மனு குடுக்கறப்ப வெச்சுக் குடுக்கலாம்."

அவளும் கூடவே இறங்கினாள். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று மணி நேரம். வழுக்கிய இடங்களில் கம்பளியைத் தாங்கிப் பிடித்தாள். பாதி வழியில் பொன்னுருவியின் முனகல் நின்றது. நடை ஓட்டமானது.

பொன்னுருவி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுவாரம் நிறுவனத்தில் எல்லோருக்கும் அந்தப் படம்தான் பிடித்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள். மேலாளர் பொன்னுருவியின் உடல்நிலையை விசாரித்தார். நல்ல மனிதர்தான். பிறகு, கம்பளி தெரியாமல் வெட்டிவிடலாம் என்றார்.

ஊருக்குச் சாலை கேட்டு நாமும் எழுதலாமே என்றாள்.

"ரோடு வந்துட்டா அப்புறம் அங்க யாரும்மா போவா?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

அன்று மாலை சடையன் போனில் கூப்பிட்டான். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்கிறான் போல. காற்று இரைந்தது.

"படம் நல்லா வந்துதாம்மா?"

எதிரே திரையில் நான்கு முகங்களும் பனியும் மட்டும் இருந்தன. படங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"முழுசா அனுப்பறேண்ணா. மனு என்னைக்கு?"

"திங்கக்கெழமம்மா. கலெக்டரு ஆபீசுக்கு. பொன்னுருவியும் வர்றேங்கறா."

"நடந்தா?" என்று கேட்க வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள்.