லைனரில் கோடுகள்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் காஜா பேராங்கில் இருந்த ஐஸ் கம்பெனி வாசலில் வெளுத்துத் தொங்கியது. உள்ளே பழைய டீசல் எஞ்சினின் எண்ணெய் மறுபடியும் பால் கோப்பி நிறத்துக்கு வந்திருந்தது. சிலிண்டருக்குள் செருகிய லைனர் குழாயை ஒட்டித் தண்ணீர் இறங்குகிறது என்று மெக்கானிக் மாணிக்கவாசகத்துக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"புது லைனர் கெடையாதாம்ணே. ரப்பர் வளையத்த மட்டும் மாத்தச் சொல்லிட்டாரு நம்ம கம்பெனி தவுக்கே," என்றான் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் கலியாணசுந்தரம்.

முதுகு வலிக்க லைனரை உருவி எடுத்தார். கழற்றும் ஒவ்வொரு தடவையும் அதன் வெளிப்புறத்தில் அரத்தால் ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். இடக்கைக்காரர் என்பதால் கோடு இடப்பக்கம் சாயும். இதுவரை மூன்று போட்டிருந்தார்.

துருவைத் துடைத்துவிட்டு எண்ணினார். ஒன்பது இருந்தன. எல்லாமே இடப்பக்கம் சாய்ந்திருந்தன. கடைசிக் கோடு மட்டும், அரம் கையைவிட்டு நழுவியதுபோலப் பாதியில் நின்றிருந்தது.

இன்றைக்குப் போடவேண்டிய நாலாவது கோடும் அதிலேயே இருந்ததால் அரத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"இன்னும் எத்தன வாட்டி கழட்டி மாட்டணும்ணே இத?"

புது வளையத்தை எண்ணெயில் தோய்த்துக்கொண்டே சலிப்போடு சொன்னார்:

"நாலரை வாட்டி."